அம்மா பட்டனை அழுத்தவில்லை

50 டிகிரி வந்ததும் இயந்திரம் தானாகவே சூட்டை நிறுத்திக்கொண்டது. அதற்குமேல் போனால் தோல் வெந்துவிடும் என்பதால் அப்படி ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். சோதனை செய்துகொண்டிருந்த பெண் திரையைப் பார்த்தார், அம்மாவின் காலைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, வலிக்கலையா?"

"வலிச்சுதும்மா."

"அப்புறம் ஏன் பட்டனை அழுத்தல?"

"இன்னும் தாங்கலாம்போல இருந்துது."

மூன்று மாதமாக இந்த நான்கு வரிகளைச் சுமந்துகொண்டு திரிகிறேன். எந்தக் கூட்டத்தில் பேச எழுந்தாலும் இதுதான் முதலில் நாக்கில் வந்து நிற்கிறது. எழுதி இறக்கிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நரம்பு, டிகிரி, அளவு என்று மருத்துவச் சமாச்சாரம் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள் தோழர்களே. உங்கள் வீட்டிலும் ஒருவர் ராத்திரியில் ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு படுத்திருக்கலாம்.

அம்மாவுக்கு 58 வயது. பன்னிரண்டு வயதில் நடவுக்குப் போகத் தொடங்கினார். கல்யாணத்துக்குப் பிறகு கரும்பு வெட்டு. கடைசிப் பதினோரு வருடமாகப் பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு வருகைப் பதிவு, பிறகு தெரு, சாக்கடை, சந்தை. ரப்பர் பூட்ஸ் கொடுத்ததாகக் கணக்கில் இருக்கும், காலில் இருக்காது.

நான்கு வருடத்துக்கு முன்னால் பாதத்தில் ஆரம்பித்தது. அம்மா அதற்கு 'வலி' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. "காந்துதுடா" என்றார். பச்சை மிளகாய் அரைத்த கை காந்துமே, அந்தக் காந்தல். சில நாள் "மதமதன்னு இருக்குது" என்பார். சில நாள் "எறும்பு ஊருது", "சுருக்கு சுருக்குன்னு குத்துது". செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் சிமென்ட் தரையே கொதிக்கிற மாதிரி இருக்கிறது என்பார். அதே தரையில்தான் ராத்திரி குளிர்ச்சிக்காகப் பாதத்தை அழுத்திக்கொண்டு படுப்பார்.

பிறகுதான் எனக்கு ஒன்று தெரியவந்தது. நரம்பிலிருந்து வரும் வலியா என்று பிரித்தறிய மருத்துவர்கள் வைத்திருக்கும் கேள்வித்தாள்கள் இதே சொற்களைத்தான் கேட்கின்றன. எரிகிறதா, கரன்ட் அடிப்பதுபோல் இருக்கிறதா, ஊசி குத்துகிறதா, மரத்துப்போகிறதா, அரிக்கிறதா. டிஎன்4 என்று ஒரு கேள்வித்தாள் பிரான்சில் உருவானது. பத்துக் கேள்வி. அதில் நான்குக்கு 'ஆம்' வந்தால் நரம்பு வலியாக இருக்கக்கூடும் என்று கணக்கு. அதில் பாதியை அம்மா முதல் வாரமே தன் வாயால் சொல்லிவிட்டார். எழுதிக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். நாங்கள் போன முதல் இடத்தில் மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே, "கால் வலியா? வேலை செய்யிற ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதினார். காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொடாததற்குச் சாதிதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அன்றைக்கு வரிசையில் எண்பது பேர் இருந்தார்கள். ஆனால் எங்களுக்கு முன்னால் போன ஊர்க்காரர் ஒருவரின் முழங்காலை அவர் மடக்கி நீட்டிப் பார்த்ததை நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு வருட அலைச்சலுக்குப் பிறகு வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் 'கரன்ட் வைக்கிற டெஸ்ட்' எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை. காலில் ஓர் இடத்தில் சின்னதாக மின்சாரம் தட்டி, இன்னோர் இடத்தில் அது எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வலுவோடு வந்து சேர்கிறது என்று அளப்பார்கள். கால் நரம்பில் நொடிக்கு 40 மீட்டருக்கு மேல் ஓடினால் பொதுவாகச் சரி. அம்மாவுக்கு ஓடியது. ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல்.

'நார்மல்' என்ற அந்தச் சொல் எங்கள் வீட்டில் செய்த அநியாயம் கொஞ்சமில்லை. மருத்துவர், "நரம்பு நல்லா இருக்கு, மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். வேலையிடத்தில் மேற்பார்வையாளர், "டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாராமே, உனக்கு நடிக்கிறதுக்கா சம்பளம்?" என்றார். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அம்மாவை 'நீ, வா, போ'தான். அந்த மாதம் நான்கு நாள் கூலியைப் பிடித்தார்கள்.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது நான் செய்தது. ஒருநாள் நள்ளிரவில் அம்மா எழுந்து காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் எனக்கு மாவட்டத் தலைநகரில் ஆர்ப்பாட்டம், தூக்கம் கெட்டுவிட்ட எரிச்சல். "ரிப்போர்ட்தான் நார்மல்னு வந்துடுச்சேம்மா" என்றேன். அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் என்னிடம் காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் சொல்லே முதல் சாட்சி என்று மறுநாள் ஆர்ப்பாட்டத்தில் ஒலிபெருக்கியில் பேசினேன். கைதட்டினார்கள்.

அந்த 'நார்மல்' எப்படி வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். நம் உடம்பில் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. தொடுவதையும் அதிர்வையும் கொண்டுபோவது தடித்த இழைகள். அவற்றைச் சுற்றி உறை உண்டு, வேகமாக ஓடும். குளிர்ச்சியையும் சுரீரென்ற குத்தலையும் கொண்டுபோவது மெல்லிய இழைகள். வெதுவெதுப்பையும் காந்தலையும் கொண்டுபோவது எல்லாவற்றிலும் மெல்லிய, உறையே இல்லாத இழைகள். இவற்றின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான், ஏறக்குறைய நாம் நடக்கிற வேகம். கரன்ட் டெஸ்ட் தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். மெல்லிய இழை மொத்தமும் கருகிப்போயிருந்தாலும் அந்தக் காகிதத்தில் நார்மல் என்றுதான் வரும். நெடுஞ்சாலையில் பஸ் ஓடுகிறது, ஆகவே காலனிக்குப் போகிற மண்பாதையும் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுப்பதைப்போல. நம் தெருக்களுக்கு அப்படித்தானே எழுதிக்கொடுக்கிறார்கள்.

கூட வேலை செய்யும் ஒரு தோழரின் மகள் பிசியோதெரபி படிக்கிறாள். அவள்தான், "அண்ணா, சின்ன நரம்பைப் பார்க்க வேற டெஸ்ட் இருக்கு" என்று சொல்லி, வேறொரு ஊரில் இருக்கும் வலி சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினாள். குவான்டிடேட்டிவ் சென்சரி டெஸ்டிங் என்பது அதன் பெயர். உணர்வை அளந்து பார்க்கும் சோதனை. ஜெர்மனியில் நரம்பு வலி ஆய்வாளர்கள் கூட்டாகச் சேர்ந்து இதற்கு ஒரு முறையை வகுத்து 2006இல் வெளியிட்டார்கள். ஏழு சோதனை, பதின்மூன்று அளவு. அன்றைக்கு அம்மாவுக்கு அதில் பெரும்பகுதியைச் செய்தார்கள். முதலில் கையில், பிறகு புறங்காலில். கை நன்றாக இருப்பதால் அதை வைத்துக் காலை ஒப்பிடலாம் என்று அந்தப் பெண் விளக்கினார். உள்ளங்காலில் வைக்கவில்லை. "அங்க தோல் காய்ச்சுப் போயிருக்கும்மா, அங்க தொட்டா நரம்போட அளவு தெரியாது, காய்ப்போட அளவுதான் தெரியும்" என்றார். ஒரு மருத்துவ அறையில் அம்மாவின் காய்த்த காலைப் பற்றி ஒருவர் அருவருப்பில்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லிய இழை ஒன்றை எடுத்துத் தோலில் நுனியை வைத்து, அது லேசாக வளையும் வரை அழுத்தினார். "தெரியும்போது சொல்லுங்க." பிறகு அதைவிட மெல்லியது, பிறகு இன்னும் மெல்லியது. அம்மா எல்லாவற்றையும் சொன்னார். அதிரும் இசைக்கவையைக் கணுக்கால் எலும்பில் வைத்தார். அதிர்வு நின்றதும் சொல்ல வேண்டும். எட்டுக்கு ஏழு. நல்ல அளவு. தடித்த இழை சரியாகத்தான் இருந்தது, அந்தவரை பழைய ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை.

அடுத்து ஒரு பஞ்சை எடுத்துப் புறங்காலில் லேசாக வருடினார். அம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "காந்துதும்மா!" நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வெறும் பஞ்சு. நன்றாக இருக்கும் காலில் அது பட்டதுகூடச் சரியாகத் தெரியாது. வலிக்கக் கூடாத தொடுகை வலிப்பதற்கு 'அலோடினியா' என்று பெயர். நான்கு வருடமாக அம்மா சேலை விளிம்பைக் கணுக்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பார். "இந்த வயசுல என்ன இது?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். எனக்கே கூச்சமாக இருந்ததுண்டு. சேலை பட்டால் காந்தியிருக்கிறது.

பிறகு மழுங்கிய ஊசிகள். ஏழு எடை. ஒவ்வொன்றாக வைத்து, "பூஜ்யத்துல இருந்து நூறுக்குள்ள எவ்வளவு வலிக்குதுன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

"நூறுன்னா எது?"

"உங்களால நெனச்சுப் பார்க்க முடிஞ்ச பெரிய வலி."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். எனக்கு முன்னால் பிறந்த குழந்தை கரும்புத் தோட்டத்தில் வலி எடுத்து, வண்டி கிடைக்காமல், வழியிலேயே பிறந்து இறந்துபோனது. அதைத்தான் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "அதுக்கு நூறுன்னா, இதுக்கு என்னாத்த போடுறது? ஒரு பத்து போட்டுக்கம்மா" என்றார். சொல்லும்போதே கால் விரல்கள் மடங்கிக்கொண்டன. அந்தப் பெண் எண்ணை மட்டும் எழுதவில்லை. விரல் மடங்கியதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

கடைசியாகத்தான் சூடு-குளிர் தகடு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. புறங்காலில் பட்டை போட்டுக் கட்டுவார்கள். 32 டிகிரியில் தொடங்கி நொடிக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும் அல்லது இறங்கும். முதலில் வெதுவெதுப்போ குளிர்ச்சியோ தெரிந்த உடனே பட்டனை அழுத்த வேண்டும். பிறகு, சூடு வலியாக மாறும் இடத்தில் அழுத்த வேண்டும். அழுத்தியதும் தகடு பழைய நிலைக்கு வந்துவிடும். கையில் செய்தபோது வெதுவெதுப்பை ஓரளவு சரியாகச் சொன்னார். வலி வரும்போது அழுத்தச் சொன்னபோது கையிலும் 49ஐத் தொட்டது. காலில் மூன்று தடவையும் 50. பட்டன் அழுத்தப்படவே இல்லை. பெரும்பாலான மனிதர்களுக்கு 45 டிகிரியை ஒட்டியே சூடு வலியாக மாறத் தொடங்கிவிடும்.

இந்த இடத்தில் சோதனையை முடித்து, 'சூட்டு வலி உணர்வு குறைவு' என்று அந்தப் பெண் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அது அறிவியலாகவே நின்றிருக்கும். எண் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. அவர் எழுதவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளைத்தான் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

"இன்னும் தாங்கலாம்போல இருந்துது" என்ற பதிலுக்குப் பிறகு அம்மாவே ஒன்று கேட்டார். "வலிச்சா சொல்லணுமா, தாங்க முடியலன்னா சொல்லணுமா?"

"வலிக்க ஆரம்பிச்ச உடனேம்மா. தாங்கவே வேணாம். இது எவ்வளவு தாங்குறீங்கன்னு பாக்குற டெஸ்ட் இல்ல."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆரம்பித்த உடனேயே சொல்லலாமா? அதற்கு அனுமதி உண்டா? ஐம்பத்தெட்டு வருடத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை. நடவில் இடுப்பு விட்டுப்போனால் நிமிரலாம், ஆனால் நிமிர்ந்தவள் பெயர் மறுநாள் கூலிக் கணக்கில் இருக்காது. கரும்புச் சோகை கண்ணில் அறுத்தால் துடைத்துக்கொண்டு வெட்ட வேண்டும். வலியைச் சொல்வது கடைசிக் கட்டத்தில், விழுந்த பிறகு செய்கிற காரியம். இயந்திரம் கேட்டது ஒரு கேள்வி. அம்மா பதில் சொன்னது வாழ்நாள் முழுக்க அவரிடம் கேட்கப்பட்ட இன்னொரு கேள்விக்கு.

அரைமணி நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி எடுத்தார்கள். இப்போது கையில் 45. காலில் 46, 46, 47. முன்பு இருந்த 'மரத்துப்போன உடம்பு' அரைமணி நேரத்தில் காணாமல் போய்விட்டது. ஆனால் ஒன்று மாறவில்லை. வெதுவெதுப்பை உணரும் அளவு கையில் நன்றாக இருந்தது, காலில் 44 டிகிரி வரை ஒன்றுமே தெரியவில்லை. குளிர்ச்சியும் அப்படியே. காலில் மெல்லிய இழைகள் கெட்டுப்போயிருக்கின்றன. நான்கு வருடமாக அம்மா சொன்னது அத்தனையும் அந்த ஒரு பக்கத்தில் வந்துவிட்டது.

முதல் அளவோடு எழுந்து வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 'இவர்களுக்கு வலி குறைவு' என்ற பழைய பொய்க்கு ஒரு புது எண் கிடைத்திருக்கும். அந்தப் பொய்க்கு மருத்துவத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1851இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்குத் தோலுணர்ச்சி மங்கிப்போகும் ஒரு நோய் இருப்பதாக எழுதி, அதற்கு வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயரும் வைத்தார். அவர் சொன்ன வைத்தியம், தோலில் எண்ணெய் தடவித் தோல்வாரால் அடிப்பது, பிறகு வெயிலில் கடுமையாக வேலை வாங்குவது. பண்ணையார் வைத்தியம் எல்லாக் கண்டத்திலும் ஒன்றுதான்.

அது பழைய கதை என்று தள்ள முடியாது. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 222 வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் வைத்து ஓர் ஆய்வு வெளியானது. கறுப்பினத்தவரின் தோல் தடிமன், அவர்களுடைய நரம்பு முனைகளுக்கு உணர்ச்சி குறைவு என்பது போன்ற பொய்களைப் பட்டியலிட்டுக் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் அவற்றில் ஒன்றையாவது உண்மை என்று நம்பினார்கள். நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சிகிச்சையையும் தவறாகப் பரிந்துரைத்தார்கள். நம் ஊரில் இதற்கு லத்தீன் தேவைப்படவில்லை. 'உழைச்ச ஒடம்பு', 'காட்டு ஒடம்பு', 'அவங்களுக்கு அதெல்லாம் பழக்கம்' என்பதே போதும். பாராட்டுப்போல இருக்கும், கவனித்துக் கேளுங்கள்.

இதே துறைக்குள் நம் மண்ணோடு தொடர்புள்ள வேறொரு வரலாறும் இருக்கிறது. உணர்வை இழையால் அளக்கும் யோசனை 1890களில் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஃப்ரையிடம் தொடங்கியது. அவர் பயன்படுத்தியது குதிரை முடி. பின்னர் 1960 வாக்கில் அமெரிக்காவில் ஜோசஃபின் செம்ஸும் சிட்னி வைன்ஸ்டைனும், மூளையில் காயம்பட்டவர்களைச் சோதிக்க நைலான் இழைகளுக்கு மாறினார்கள். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளின் உள்ளங்காலில் வைத்துப் பார்க்கும் பத்து கிராம் இழை அந்த வம்சம்தான். ஆனால் அது பரவிய பாதையில் வேலூர் இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம். அவர் உட்கார்ந்து அந்தக் கைகளையும் கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சதை அழுகவில்லை, உணர்ச்சி போனதால் சூடும் ஆணியும் தெரியாமல் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கிறது என்று காட்டினார். 1966இல் அவர் லூசியானாவில் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். பாதத்தில் புண் வரும் ஆபத்து யாருக்கு என்பதைப் பத்து கிராம் இழையால் கண்டுபிடிக்கலாம் என்று 1986இல் வந்த ஆய்வு அங்கே நடந்ததுதான். கார்ட்ரைட்டின் அதே லூசியானா. ஊர் தொட மறுத்தவர்களின் காலைத் தொட்டுப் பார்த்துக் கிடைத்த அறிவு இன்று உலகம் முழுக்க எல்லோருடைய காலையும் காப்பாற்றுகிறது. மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா தெரியவில்லை.

ஒரு சின்னத் தகவல், எனக்குப் பிடித்தது. அந்த நைலான் இழை வளைந்து வளைந்து களைத்துப்போகுமாம். பத்துப் பேரைச் சோதித்தபின் 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் உண்டு. அம்மாவிடம் சொன்னேன். "பரவால்லியே, நூலுக்கு லீவு குடுக்குறாங்களே" என்று சிரித்தார்.

பாபாசாகேப்புக்கும் கால்களில் நரம்பு வலி இருந்தது. அரசியலமைப்பு வரைவு வேலை நடந்த காலத்தில் சர்க்கரை நோய், தூக்கமின்மை, கால் நரம்புகளில் தீராத வலி, இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். சிகிச்சைக்காகப் பம்பாய் போன இடத்தில் அறிமுகமான மருத்துவரைத்தான் 1948 ஏப்ரலில் மணந்துகொண்டார். படத்தில் எப்போதும் நிமிர்ந்து நிற்கும் அவரை மட்டுமே நாம் பார்க்கிறோம். அவருக்கும் ராத்திரியில் கால் எரிந்திருக்கும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. நம் இயக்கத்திலேயே தாங்குவதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் இருக்கிறது. தடியடி வாங்கிய இடத்தைக் காட்டுகிறோம், மாதக்கணக்காகத் தூங்காததைச் சொல்லமாட்டோம்.

இந்தச் சோதனையை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். சொல்பவர் ஒத்துழைத்தால்தான் அளவு வரும், எப்படி விளக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். அதைத்தான் கண்ணால் பார்த்தேனே. 2006இல் வெளிவந்த ஒப்பீட்டு அளவுகள் 180 ஆரோக்கியமான ஜெர்மானியர்களிடம் எடுத்தவை. கரும்புக் கட்டையில் வெறுங்காலோடு நடந்த கால்கள் அதில் இருந்திருக்காது. கோளாறு நரம்பிலா, தண்டுவடத்திலா, மூளையிலா என்று இது தனியாகச் சொல்லாது. உறுதிப்படுத்த வேண்டுமானால் கணுக்காலுக்கு மேலே மூன்று மில்லிமீட்டர் தோலை எடுத்து நரம்பு நுனிகளை எண்ணும் சோதனை இருக்கிறது, அது எல்லா ஊரிலும் கிடைக்காது. எல்லாவற்றையும்விட, இதிலும் நார்மல் என்று வந்தால் வலி பொய் என்று ஆகிவிடாது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகவே எழுதியிருக்கிறது. நாளைக்கு ஒரு மேற்பார்வையாளர், "சூட்டு டெஸ்ட் எடுத்துட்டு வா, அப்பதான் நம்புவேன்" என்றால் அதற்கும் நாம் சண்டை போட வேண்டியிருக்கும்.

காரணம் என்ன என்று தேடியபோது, வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை எப்போதும் சரியாகவே இருந்தது. எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 178. 140க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை நோய் என்று பெயர் வைப்பதற்கு முந்தைய கட்டத்திலேயே மெல்லிய இழைகள் அடிபடுவதுண்டாம். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டிப்போகும் தோழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கால் காந்தல் என்று ஒருவர் சொல்லி, கரன்ட் டெஸ்ட் நார்மல் என்று வந்தால், "சின்ன நரம்பைப் பார்த்தீர்களா, குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்தீர்களா, பி12 பார்த்தீர்களா" என்று கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். கேட்டால் பார்க்கிறார்கள்.

இரவில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அமிட்ரிப்டைலின். பழைய மருந்து, விலை குறைவு. மருந்துக் கடையில் ஒரு பையன், "இது டிப்ரஷன் மாத்திரை ஆச்சே" என்று சொல்லிவைக்க, அம்மா பயந்துபோய் இரண்டு நாள் போடவில்லை. "அப்ப மனசுலதான் கோளாறுன்னு சொல்றாங்களா?" என்று கேட்டார். அதே மருந்து குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் வேலை செய்யும் என்று விளக்கிப் புரியவைக்க ஒரு சாயந்தரம் ஆனது. இப்போது போடுகிறார். வாய் உலர்கிறது, காந்தல் பாதி குறைந்திருக்கிறது, நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறார்.

ரிப்போர்ட்டின் நகலை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ்ல இருக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் கேட்டுப் பார்த்தோம். 2016 சட்டத்தில் 21 வகை இருக்கிறது, வலி என்று ஒரு வகை அதில் இல்லை. பிடித்த கூலிக்கும் பூட்ஸுக்கும் பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். சக பெண் தொழிலாளர்கள் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து வாங்கப் போன இடத்தில் அவர்களில் ஆறு பேர், "எனக்கும் காந்துதுப்பா" என்றார்கள். அவர்களைக் கூட்டிப்போக அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய் நாள் கேட்டிருக்கிறேன்.

முந்தாநாள் இரவு பதினோரு மணி இருக்கும். நான் ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். முன்பெல்லாம் இந்த நேரத்தில் சொம்புச் சத்தம்தான் கேட்கும்.

"டேய், ஆரம்பிக்குதுடா."

எழுந்து போனேன்.